பேலன்ஸ் ரூமுக்குப் போகும் வரிசை

போன மாதம் எங்கள் பழைய கல்லூரியிலிருந்து ஒரு புரொபசர் அம்மாள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். பெண்பிள்ளைகள் தங்களுக்கு நேர்கிற தொல்லைகளைப் புகார் சொல்வதற்கென்று கல்லூரியில் ஒரு கமிட்டி அமைத்திருக்கிறார்களாம். அவர்தான் அதற்குத் தலைவி. தொடக்க விழாவுக்கு ஒரு மலர் போடுகிறோம், பழைய ஊழியர் என்ற முறையில் நீங்கள் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். கேட்டதோடு விட்டிருந்தால் நானும் ஏதாவது வாழ்த்து எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். போகிற போக்கில், உங்கள் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காது, அவ்வளவு கட்டுப்பாடு இருந்ததாமே என்று ஒரு வார்த்தை சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

கட்டுப்பாடு இருந்தது. இல்லையென்று யார் சொன்னார்கள்? அதை நடத்தினவளே நான்தான். அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பெயர் ராஜாமணி. கல்லூரி ஆபீஸில் சூப்பிரண்டெண்டாக இருந்து ரிட்டையர் ஆனேன். ஆனால் ஐம்பதுகளின் நடுவில், பாலக்காடு இன்னும் மதராஸ் மாநிலத்தோடு இருந்தபோது, நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது லேடீஸ் ரூமில். லேடீஸ் ரூம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள். மாடிப்படிக்குக் கீழே நீளமாக ஒரு அறை. நாலு பெஞ்சு, ஒரு மேஜை, ஒரு மண்பானை, ஜன்னலில் பாதி உயரத்துக்குப் பச்சைத் திரை. கல்லூரியில் எல்லா வகுப்பும் சேர்த்துப் பெண்பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அவர்கள் காலையில் வந்தவுடன் நேரே இந்த அறைக்குள் வந்துவிட வேண்டும்.

மணி அடித்ததும், பாடம் எடுக்கப் போகிற சார் அந்த அறை வாசல் வழியாக வருவார். நிற்க மாட்டார், உள்ளே பார்க்க மாட்டார். லேசாக ஒரு செருமல். பிள்ளைகள் எழுந்து வரிசையாக அவர் பின்னால் போக வேண்டும். வகுப்பில் முன்பக்கம் ஓரமாகப் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். வகுப்பு முடிந்ததும் அதேபோல் அவர் பின்னாலேயே இறங்கி அறைக்குத் திரும்பிவிட வேண்டும். சார் இல்லாமல் ஒரு பெண் வராந்தாவில் தனியாக நடந்தால் அது தப்பு. இந்தத் தப்பை எழுதி வைக்கிறவள்தான் லேடீஸ் ரூம் சூப்பர்வைசர். மாதச் சம்பளம் வாங்கினது அதற்குத்தான்.

எழுதுவதற்கு ஒரு நோட்டு இருந்தது. தேதி, பெயர், வகுப்பு, தவறு என்று நாலு கட்டம். தவறு என்றால் பெண்பிள்ளைகளுடைய தவறு. வேறு யார் என்ன செய்தாலும் எழுத அந்த நோட்டில் இடம் கிடையாது. ஒரு பெயர் மூன்று தடவை வந்தால் ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கடிதம் போகும். அதற்கு அச்சடித்த படிவமே இருந்தது.

வேலை பழக எனக்கு மூன்று நாள் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் மகனோடு பம்பாய்க்குப் போகிற அவசரத்தில் மூன்றே விஷயம் சொல்லிக் கொடுத்தார். பானையில் தண்ணீர் குறையக் கூடாது. நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. வரிசையில் இடைவெளி விடக் கூடாது. விட்டால் நடுவில் பையன்கள் புகுந்துவிடுவார்கள். மூன்றையும் நான் கண்ணும் கருத்துமாகச் செய்தேன். எனக்கு வயது இருபத்துநாலு. இன்டர்மீடியட் பெயிலானவளுக்கு ஒரு கல்லூரியில் மேஜை நாற்காலி கிடைத்திருக்கிறது. தலைகால் புரியுமா?

பிரின்ஸிபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்பாத்திக்காரர். மூக்கில் இறங்கின கண்ணாடி, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். தினமும் மூன்று மணிக்கு நான் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போக வேண்டும். சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். தன் அறையில் ஒரு பெண்ணை உட்காரச் சொல்வது மரியாதை இல்லை என்று அவருக்கு எண்ணம். பெண் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பதும் மரியாதை இல்லை. ஆகவே இரண்டு பேரும் நின்றுகொண்டே பேசுவோம். அவருக்கு முழங்கால் வலி வேறு. பேச்சு இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாது. அறைக் கதவு விரியத் திறந்திருக்கும், வாசலில் பியூன் நிற்பான். எல்லாம் என் மானத்தைக் காப்பாற்றத்தான். பியூன் கேட்கக் கூடாத எதையும் அந்த அறையில் பேச முடியாது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

பையன்களைப் பிடிப்பதில் அவர் படு கெட்டிக்காரர். ஒரு தடவை ஒரு பெண்ணின் டிபன் கேரியருக்குள் எவனோ அசிங்கமாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டான். பிரின்ஸிபால் சத்தமே போடவில்லை. அந்த வகுப்புப் பையன்கள் எழுபது பேரையும் உட்கார வைத்து, விடுமுறையில் என்ன செய்தாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அந்தக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர், கையெழுத்தை ஒத்துப் பார்த்து, மறுநாள் காலையில் ஒருவனை மட்டும் கூப்பிட்டார். அவனுக்கு அன்றைக்கே டி.சி. அவன் அம்மா வந்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள், அவர் மசியவில்லை. ஊரெல்லாம் எங்கள் கல்லூரியைப் பற்றித்தான் பேச்சு. நானும் மார்தட்டிக்கொண்டேன். பையன்கள் கூட்டத்தைத் தாண்டி எங்கள் கண் போகவில்லை.

இனி தெய்வானை.

மீனாட்சிபுரத்துப் பெண். அப்பாவுக்கு மாடுகள், கொஞ்சம் நிலம். காலை ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து நடந்தே வருவாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அந்த வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். லேடீஸ் ரூமில் ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் அக்ரஹாரத் தமிழ். ஏனுங்க, ஆமாங்க என்று கொங்குத் தமிழ் பேசுகிறவர்கள் நானும் அவளும் மட்டும். மற்றப் பிள்ளைகள் எங்கள் இரண்டு பேரையும் கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

சேர்ந்த வாரமே அவளுக்கு நான் விதிகளைச் சொன்னேன். மூன்று தடவை பெயர் வந்தால் கடிதம் போகும் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. வீட்டில் யாருக்கும் அவள் படிப்பதில் இஷ்டமில்லை. அப்பா மட்டும் எல்லோரையும் எதிர்த்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார். அதற்கு ஒரு நிபந்தனை. "காலேஜிலிருந்து ஒரு கடுதாசி ஊட்டுக்கு வந்துதுன்னா அன்னிக்கோட படிப்பு நிறுத்தமுங்க்கா" என்றாள். அப்படியெல்லாம் வராது, ஒழுங்காக வரிசையில் போ, போதும் என்று நான் தைரியம் சொன்னேன்.

அவளுக்கு இருந்த ஆசை கெமிஸ்ட்ரி. அதிலும் பேலன்ஸ் ரூம். லேபுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் நுட்பமான தராசுகள் வைத்திருப்பார்கள். காற்றுப் பட்டால் தராசு முள் ஆடும் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டுதான் எடை போட வேண்டும். மின்விசிறி கூடக் கிடையாது. இரண்டிரண்டு பேராக உள்ளே போவார்கள். மூன்று பெண்களில் இரண்டு பேர் ஜோடி. தெய்வானை தனி. எடை போட்டுவிட்டு வந்து எனக்குக் கதை கதையாகச் சொல்வாள். "தாலி செய்யற ஆசாரி தராசு கூட இப்படிக் காட்டாதுங்க. கைரேகை பட்டாக் கூட எடை கூடிப்போகுமுங்க" என்பாள். எனக்கு ஒன்றும் புரியாது, ஆனால் கேட்க நன்றாக இருக்கும். எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும், இதே போல ஒரு லேபில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவர்களுடைய கெமிஸ்ட்ரி சாருக்கு நாற்பது வயதிருக்கும். எடுப்பான மனிதர், சலவை மடிப்புக் கலையாத வேட்டி. நல்ல வாத்தியார் என்று பெயர். ஒருநாள் என்னிடம், உங்கள் வரிசை மிலிட்டரி மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். நான் அதை வீட்டில் போய்ச் சொன்னேன்.

மழைக்காலம் முடிகிற சமயம். அந்த மூன்று பெண்களும் அந்த சார் பின்னால் போகும்போது மட்டும் நாலைந்து படி இடைவெளி விட்டு ஏறுவதைக் கவனித்தேன். மற்ற சார்களோடு போகும்போது சரியாகத்தான் போகிறார்கள். அவரோடு போனால் யார் முன்னால் நிற்பது என்று வாசலிலேயே ஒருத்தியை ஒருத்தி தள்ளுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இடைவெளி விடாதீங்க, ஒட்டிப் போங்க என்று கீழேயிருந்து அதட்டினேன். அவர்கள் ஒட்டிப் போனார்கள். இதை எழுதும்போது கை கூசுகிறது.

வியாழக்கிழமை மத்தியானம் அவர்களுக்குப் பிராக்டிகல். ஒரு வியாழக்கிழமை தெய்வானை வரிசையில் இல்லை. கட்டிடத்தின் பின்பக்கப் படி வழியாகத் தனியாக மாடி ஏறியிருக்கிறாள். நான் நோட்டில் எழுதினேன். அடுத்த வியாழனும் அப்படியே. அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த சார் பின்னால் நான் போகவில்லை, முன்னால் வேண்டுமானால் போகிறேன், இல்லாவிட்டால் பின்பக்கப் படியில் போகிறேன் என்றாள். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவையாக அவள் பெயரை எழுதினேன்.

அவளாகத்தான் சொன்னாள். மறுநாள் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் குழாயடியில் டிபன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பானைக்கு முன்னால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"பேலன்ஸ் ரூம்ல கதவச் சாத்தோணும், அது சரிதானுங்க்கா. ஆனா நா எடை போடறப்ப அவரு உள்ள வந்து சாத்திக்கறாருங்க. எம் பொறகால வந்து நின்னுக்கறாரு. கையப் புடிச்சு எடைக்கல்லு வைக்கச் சொல்லித் தாராரு. கையோட நிக்கறதில்லீங்க்கா." டம்ளரில் தண்ணீர் மொண்டாள். "படி திரும்பற எடத்துலயும் சட்டுனு நின்னு போடுவாருங்க. ஒட்டிப் போனா அவரு மேல போய்த்தான் முட்டோணும். நீங்க ஒட்டிப் போங்க, ஒட்டிப் போங்கங்கறீங்க."

அவள் பொய் சொல்கிறாளோ என்று ஒரு நொடி கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த நாலு படி இடைவெளிக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. எழுந்து போய் அவள் தோளைத் தொட்டேன்.

"நீ போ கண்ணு. இனி நா பாத்துக்கறேன். யாருகிட்டயும் சொல்லிப் போடாதே" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பெரிய சுமையை இறக்கி வைத்தவள் முகம் அது. தண்ணீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

அன்றைக்கு மூன்று மணிக்குப் பிரின்ஸிபாலிடம் போனேன். பியூனை ஏதாவது வேலை சொல்லி அனுப்புங்கள் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவரே என் முகத்தைப் பார்த்து அவனை அனுப்பிவிட்டார். பாதிப் பாதி வாக்கியமாகச் சொன்னேன். அவருக்குப் பெயர் கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் பேலன்ஸ் ரூம் என்றதுமே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் எதிரில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ பாத்தயோ?" என்றார். இல்லை என்றேன்.

"எழுதித் தருவையோ?"

அவர் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "வாயால சொன்னது காத்தாக்கும். நீ எழுதித் தந்தா நான் விசாரிச்சே ஆகணும். விசாரிச்சா அந்தக் குட்டியைக் கூப்பிடணும், அவர் எதிர்க்க நிறுத்திக் கேக்கணும். எழுதலைன்னா, நீ இங்கே வரவுமில்லை, நான் கேக்கவுமில்லை. நாளைக்கு யோசிச்சுட்டு வா." நோட்டைப் புரட்டினார். தெய்வானையின் பெயர் இருந்த இரண்டு வரியிலும் விரலை வைத்தார். "இந்தக் குட்டி பேர் ரெண்டு தடவை வந்திருக்கே. உன் கையெழுத்துதானே இது?"

ஆமாம் என்றேன். அவர் மிரட்டவில்லை. விசாரணை வந்தால் முதலில் எதைக் கேட்பார்கள் என்று காட்டினார், அவ்வளவுதான். ஒழுங்கில்லாத பெண் என்று என் கையெழுத்திலேயே சாட்சி இருந்தது.

மறுநாள் நான் எழுதிக்கொண்டு போகவில்லை. அதற்கு நான் பல வருஷம் பல காரணம் சொல்லிக்கொண்டேன். கண்ணால் பார்க்காததை எப்படி எழுதுவது? எழுதினால் அந்தப் பெண்ணின் பெயர் கெட்டுவிடாதா? கல்யாணம் ஆக வேண்டியவள் ஆயிற்றே? எல்லாம் வாய்க்கு வந்த சமாதானம். நான் பயந்துவிட்டேன். வேலை எனக்கு அப்போது நிரந்தரமாகவில்லை. மார்ச்சில் மறுபடி கையெழுத்தாக வேண்டும். போடுகிறவர் அவர். அவரும் மறுநாள் எழுதினாயா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

எழுத வேண்டாம், போகட்டும். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் பேலன்ஸ் ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தால் என்ன? யார் என்னைத் தூக்கி எறிந்திருப்பார்கள்? சூப்பர்வைசரின் வேலை கீழ் வராந்தாவோடு முடிகிறது என்று விதி. நான் விதிப்படி நடந்தேன்.

தெய்வானை தினமும் காலையில் உள்ளே நுழையும்போது என்னைப் பார்ப்பாள். என்னாச்சு என்று வாய் திறந்து கேட்டதில்லை. நானாகத்தான், ஆகிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறு என்பேன். தலையாட்டுவாள். வியாழக்கிழமைகளில் பின்பக்கப் படியில் போவாள். எடை போட அவள் பேலன்ஸ் ரூமுக்கே போவதில்லை என்று மற்ற இருவரும் சொன்னார்கள். அவர்களுடைய எடையைத்தான் பார்த்து எழுதிக்கொண்டாளாம். நான் நோட்டில் அவள் பெயரை எழுதவில்லை. அதுவே பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வியாழன் இப்படிப் போயிற்று.

மூன்றாவது வியாழனன்று யூனிவர்சிட்டியிலிருந்து கல்லூரியைப் பார்வையிட இரண்டு பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். பிரின்ஸிபால் அவர்களை அழைத்துக்கொண்டு சுற்றிக் காட்டினார். எங்கள் வரிசையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். பின்பக்கம் திரும்பினால், படியில் ஒரு பெண் நோட்டுப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக ஏறிக்கொண்டிருக்கிறாள். வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டாராம்.

மூன்று பேரும் லேடீஸ் ரூம் வாசலுக்கு வந்தார்கள். பிரின்ஸிபால் நோட்டைக் கேட்டார். இன்றைக்கு இது எழுதியாயிற்றா என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் பேனாவை எடுத்தேன். தேதி போட்டேன். பெயர் எழுதினேன். தவறு என்ற கட்டத்தில், ஆசிரியரைப் பின்தொடராமல் தனியாக நடந்தாள் என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாத அழகான கையெழுத்து.

மறுநாள் ஆபீஸிலிருந்து கடிதம் போயிற்று. தபாலில் போடுவதற்கு முன் அது ஹெட் கிளார்க் மேஜையில் அரை நாள் கிடந்தது. நான் அந்தப் பக்கம் இரண்டு தடவை போய்விட்டு வந்தேன்.

அவள் அப்பா திங்கட்கிழமை வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெயிலில் காய்ந்த முகம். மகளையும் கூட அழைத்து வந்திருந்தார். பிரின்ஸிபால் என்னையும் வரச் சொன்னார். அவர் அறையில் நாலு பேரும் நின்றோம். தெய்வானை அப்பாவுக்குப் பின்னால், கதவோரம்.

"ஏனுங்க சாமி, கடுதாசி வந்துதுங்க. எம் புள்ள என்ன தப்புப் பண்ணுச்சுங்க?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

பெரிதாக ஒன்றுமில்லை, வரிசையில் போகாமல் தனியாகப் போயிருக்கிறாள், கல்லூரியில் ஒரு ஒழுங்கு உண்டல்லவா என்று பிரின்ஸிபால் சொன்னார்.

"எதுக்குங்க தனியாப் போச்சு? யாரப் பாக்கப் போச்சுங்க?"

அவர் அப்படித்தான் கேட்பார். எந்தத் தகப்பன் வேறு மாதிரி கேட்பான்? பிரின்ஸிபால் என்னைப் பார்த்தார். தெய்வானையும் என்னைப் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. பியூன் கூட அன்றைக்கு வாசலில் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

"யாரையும் பாக்கப் போகலீங்க. வரிசை ஒழுங்குங்க, அவ்வளவுதானுங்க" என்றேன்.

என் பேச்சைக் கேட்டதும் அவர் திரும்பினார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் இளகிற்று. "நம்ம பக்கத்துப் புள்ளைங்களா? நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றார். என் வார்த்தையை நம்பி, மகள் யாரையும் பார்க்கப் போகவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் வீட்டில் போட்ட நிபந்தனை நிபந்தனைதான். அன்றைக்கே டி.சி. எழுதிக் கேட்டார். பிரின்ஸிபால், அவசரப்பட வேண்டாம், நல்லாப் படிக்கிற குட்டி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ஏன் அப்படிச் செய்தாள் என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை. தெய்வானை அழவில்லை. லேடீஸ் ரூமுக்கு வந்து தன் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன், ஏதோ வேலை இருப்பதுபோல.

ஒரு மாதம் ஆகியிருக்காது. தச்சன் ஒருவன் வந்து பேலன்ஸ் ரூம் கதவைக் கழற்றினான். மேல்பாதிப் பலகையை அறுத்து எடுத்துவிட்டுக் கண்ணாடி பொருத்தினான். பிரின்ஸிபால் உத்தரவு. ஏன் எதற்கு என்று ஒரு காகிதத்திலும் கிடையாது. காற்றும் போகாது, உள்ளே நடப்பதும் தெரியும். காலையில் ஆரம்பித்த வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இவ்வளவுதானா வேலை? நான் வாய் திறந்த வாரமே இதைச் செய்திருந்தால் என்ன? அவர் நான் சொன்னதை நம்பியிருக்கிறார். நம்பிக்கொண்டுதான் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆத்திரம் தணிந்ததும், நான் மட்டும் என்ன செய்துவிட்டேன் என்று தோன்றியது. மார்ச்சில் என் வேலை நிரந்தரமாயிற்று.

அந்த சார் கடைசிவரை அங்கேயேதான் இருந்தார். அவருக்குப் பிரிவு உபசாரம் நடந்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். பூமாலைக்குச் சொல்லி அனுப்பினது நான்தான்.

தெய்வானையை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆபீஸில் கூட வேலை பார்த்தவர் மகள் கல்யாணத்துக்காக மீனாட்சிபுரம் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் பால் சொசைட்டி. வாசலில் கேன்களோடு ஆட்கள் வரிசை. உள்ளே மேஜைக்குப் பின்னால், கண்ணாடிக் குழாயில் பாலும் அமிலமும் அளந்து ஊற்றிக் கொழுப்புச் சோதனை செய்துகொண்டிருந்தவள் தெய்வானை. உடம்பு பெருத்திருந்தாள், முன்னால் நரை. குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அளவு பார்த்தாள். அந்தக் கையைக் கண்டதும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவளும் என்னை உடனே தெரிந்துகொண்டாள். வாங்கக்கா என்றாள். கையிலிருந்த சோதனையை முடித்து எழுதிவிட்டுத்தான் எழுந்தாள். ஸ்டூல் எடுத்துப் போட்டாள். கல்யாணம், பிள்ளைகள், அப்பா தவறிப்போனது எல்லாம் சொன்னாள். நான் அடக்கிக்கொள்ள முடியாமல் சொல்லியேவிட்டேன். உன் பெயரை நான் மூன்று தடவை எழுதியிருக்கக் கூடாது கண்ணு, அந்தப் பாவம் என்னைவிட்டுப் போகவில்லை என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பரவாயில்லை அக்கா என்று அவள் சொல்வாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை எழுதியது உங்கள் வேலை, அதில் எனக்குக் கோபமில்லை என்றாள். பிறகு சொன்னாள்.

"அன்னிக்கு நா சொன்னப்ப நீங்க நம்பிப் போட்டீங்க பாருங்க்கா, அதுதானுங்க. உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுது. நீங்க நம்பாம, போடி பொய்க்காரின்னு தொரத்தி உட்டிருந்தீங்கன்னா, அன்னிக்குச் சாயந்திரமே எங்கப்பங்கிட்டச் சொல்லியிருப்பனுங்க. அவரு கேட்டிருப்பாரு. அவருகிட்ட எனக்குப் பயமில்லீங்க. நீங்க பாத்துக்கறேன்னீங்க, யாருகிட்டயும் சொல்லாதேன்னீங்க. நா சொல்லல. கடுதாசி வந்த பொறகு சொன்னா அது சாக்காயிடுமில்லீங்களா?"

குரலை உயர்த்தவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள். வெளியே கேன்காரர் யாரோ கூப்பிட்டார்கள். இதோ வந்துட்டனுங்க என்று எழுந்து போய் அடுத்த குழாயை எடுத்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.